உப்புக்கு அளவு சொல்லாத புத்தகங்கள்

சமையல் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், அட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் உப்பைப் பார்ப்பார். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை பாய் ஒரு தடித்த புத்தகத்தைத் தூசி தட்டிக் கையில் கொடுத்தால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நடுவில் எங்கேயோ திறந்து, உப்பு என்ற சொல் எங்கே வருகிறது என்று விரலால் தேடுவார். ‘சால்ட், டு டேஸ்ட்’ என்று போட்டிருந்தால் இடது கையில் ஒரு விரல் மடங்கும். பத்துப் பக்கத்துக்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் புத்தகம் பாயிடமே திரும்பிப் போய்விடும்.

“இன்னா சாமி, லண்டன் பொஸ்தகம். கலர் படம்லாம் எப்டி கீது பாருங்க” என்பார் பாய்.

“படம் நன்னாத்தான் இருக்கு. ருசிக்கேத்த உப்புன்னு எழுதியிருக்கானே, யார் ருசிக்கு? அவன் ருசிக்கா, உங்க ருசிக்கா? தெரியலைன்னா தெரியலைன்னு எழுதிட்டுப் போகணும்.”

“உங்களோட ஒரே பேஜாரு சாமி.”

அப்படிச் சொல்வாரே தவிர, அடுத்த சனிக்கிழமை நாங்கள் போகும்போது நாலு புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். அவரும் உள்ளூர உப்பை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் இரும்பு ஆலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் சமையல். நான் அதே கெஸ்ட் ஹவுஸின் முன்னறையில் டைப்பிஸ்ட். வெளிநாட்டு இன்ஜினியர்களின் கடிதம், டிரங்க் கால், வாராந்திர மெனு எல்லாம் என் பாடு. இருவருக்கும் வீடு திருவள்ளூர். வார நாட்களில் அவர் கெஸ்ட் ஹவுஸின் பின்னறையில் தங்கிக்கொள்வார். நான் பொன்னேரியில் அத்தை வீட்டிலிருந்து வந்து போவேன். சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ஒரே பாசஞ்சரில் சென்ட்ரலுக்கு வருவோம். திருவள்ளூர் வண்டிக்கு இருக்கிற இடைவெளியில் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். எனக்கு அங்கே பிள்ளைகளுக்கு ரிப்பன் வாங்கவேண்டியிருக்கும், அவருக்குப் புத்தகம்.

நல்ல நீளமான பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் சாமிதான். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நெற்றியில் நாமம், இடுப்பில் பஞ்சகச்சம், அதன் மேல் ஆலை கொடுத்த காக்கிச் சட்டை. அந்தக் கோலத்தில் அவர் அடுப்பின் முன்னால் நின்று ஜப்பான்காரருக்குக் குழம்பு கொதிக்கவிடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். புலாலும் முட்டையும் காலை ரொட்டியும் பட்லர் ஒருவர் பொறுப்பு. அவருக்குத் தனி அடுப்பு, தனி ஃபிரிட்ஜ். மற்றதெல்லாம் சாமி.

ஏழு தேசத்துச் சமையல் அவர் கையால் ஆகியிருக்கிறது. ஏழில் ஒன்றின் ருசியும் அவருக்குத் தெரியாது.

திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளி முறை இருந்த குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பி மூன்று பேருக்கு ஒரு முறையைப் பங்கு போட்டால் வருஷத்தில் சில வாரம்தான் வேலை வரும் என்பதால் அவர் ஆலைக்கு வந்தார். மடப்பள்ளியில் பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது என்று வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணி கட்டிக்கொள்வார்கள். அந்தத் துணியை அவர் கும்மிடிப்பூண்டிக்கும் கொண்டுவந்துவிட்டார்.

“இங்க இன்னா பெருமாளா சாப்புடறாரு, சாமி? ஒரு சொட்டு வாயில விட்டுப் பாத்தா இன்னா?” என்று வந்த புதிதில் நான் கேட்டேன்.

“யாருக்குத் தளிகை பண்ணினாலும், அவா சாப்பிடறதுக்கு முன்னாடி நான் வாயில வச்சா அது எச்சில்தானே? ஊர் விட்டு ஊர் வந்தவாளுக்கு எச்சிலைப் போடலாமா?”

பிறகாவது மீந்ததைச் சாப்பிட்டுப் பார்ப்பாரா என்றால் அதுவும் கிடையாது. தன் மூட்டையில் அரிசியும் பருப்பும் வைத்திருந்து, பின்னறையில் தனக்கென்று தனியாகப் பொங்கிக்கொள்வார். என் வீட்டில் நான் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்காமல் அடுப்பை அணைத்ததில்லை. எனக்கு இந்த மனிதர் பெரிய அதிசயம். சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

நாக்கை நம்ப முடியாதவருக்குப் புத்தகத்தை விட்டால் வேறு கதி ஏது? அதனால்தான் அந்தத் தேர்வு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வரப்போகிறார் என்று கடிதம் வந்தால் முதலில் என்னிடம்தான் வருவார். “எந்த ஊர்க்காரர்னு போட்டிருக்கா?” என்பார். அந்த ஊர்ச் சமையல் புத்தகம் ஆள் வருவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். உப்பில் தேறிய புத்தகத்துக்கு அடுத்த பரீட்சை அரிசி. எந்த நாட்டுப் புத்தகமானாலும் சோறு வடிக்கிற பக்கத்தைத் தேடிப் பிடிப்பார். தனக்குத் தெரிந்த ஒன்றை இந்த ஆள் எப்படிச் சொல்கிறான் என்று பார்த்துவிட்டால், தெரியாததை அவன் சொல்லும்போது நம்பலாமா கூடாதா என்று தெரிந்துவிடுமாம். ஜப்பான் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தவர் அப்படியே குளிர்ந்துபோனார். “ஜலம் தெளியற வரைக்கும் அலம்பணும்னு எழுதியிருக்கா. இவாளை நம்பலாம்” என்று பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது, கறை. புத்தகத்தை மூடி, பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எண்ணெய் பட்டு ஒட்டிய பக்கங்கள் இருந்தால் அங்கே திறப்பார். யாரோ ஒரு வீட்டுக்காரி அந்தப் பக்கத்தைப் பார்த்து உண்மையிலேயே சமைத்திருக்கிறாள். ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கிறுக்கியிருந்தால் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. அச்சில் இரண்டு ஸ்பூன் என்று இருந்து, ஓரத்தில் ஒன்று என்று எழுதியிருந்தால், அவர் ஓரத்தைத்தான் கேட்பார்.

அளவு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. டெஸ்டிங் லேபில் கழித்துப்போட்ட தராசு ஒன்றை ஸ்டோர்ஸில் கெஞ்சி வாங்கி அடுக்களை மேடையில் வைத்திருந்தார். ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி ரூபாய்க் காசின் எடை என்று சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கும். ஒரு தடவை ஐரோப்பியப் புத்தகத்தில் ஏதோ ஒரு விதை கேட்டிருந்தது. விசாரித்துக்கொண்டே போனதில் அது நம் சதகுப்பை. சாமி திருவள்ளூரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சதகுப்பை வேண்டும் என்று நின்றாராம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்தல்லவா? கடைக்காரர் நிறுத்துக்கொண்டே, “ஆத்துல என்ன கொழந்த சாமி, ஆணா பொண்ணா?” என்று கேட்க, இவர் யோசிக்காமல், “மூணு பேர், மூணும் ஜெர்மன்காரா” என்றாராம். அதை அவரே என்னிடம் சொன்னார், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

சமையல் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், திரும்பி வருகிற தட்டைப் பார் என்பார். சாப்பாட்டு நேரம் முழுக்கக் கதவோரம் நின்று தட்டுகளுக்காகக் காத்திருப்பார். ஓரத்தில் ஒதுக்கியது எது, வழித்துச் சாப்பிட்டது எது என்று பார்த்துப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்வார்.

இந்த நம்பிக்கைக்கு ஒருநாள் சோதனை வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து உலை போடுகிறவர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். உலையைப் பற்றவைக்க அவரை விட்டால் ஆள் இல்லை. வந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்லரின் கோழியையும் தொடவில்லை, சாமியின் சூப்பையும் தொடவில்லை. டீயும் பிஸ்கட்டும்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட ஆணி கேட்டு ஒருநாள் என்னிடம் வந்து நின்றார். மறுநாள், தன்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி தன் கம்பெனிக்கு ஒரு தந்தி எழுதி, டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

நான் அதை மேனேஜரிடம் காட்டினேன். அவர் என்னையும் சாமியையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் இத அனுப்பாதீங்க. இந்த ஆளு போயிட்டா உலை ஆறு மாசம் தள்ளிப்போவும். சாப்பாடு சரியில்லன்னு மேல எழுதுவாங்க. மெட்ராஸ் ஓட்டல்லேர்ந்து வேன்ல கொண்டாந்துடலாம்னு ஏற்கெனவே பேச்சு இருக்கு. கெஸ்ட் ஹவுஸ மூடிட்டா உங்க ரெண்டு பேருக்கும் இங்க வேலை இல்ல. நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்த வருஷம் அது. என் சம்பளம் ஒன்றில்தான் வீடு ஓடியது. அன்று மத்தியானம் டைப் அடித்த கடிதத்தில் எத்தனை பிழை என்று எனக்கே கணக்கில்லை.

செக் நாட்டுக்காரரிடம் என்னதான் சாப்பிடுவீர்கள் என்று கேட்டு வரும் வேலை எனக்கு. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஒரு காகிதத்தில் உருளைக்கிழங்கு வரைந்தார், வெண்ணெய்க் கட்டி வரைந்தார், மேலே புள்ளி புள்ளியாகக் கறுப்பு விதை தூவினார். இனிப்பு என்று நாக்கைத் தொட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா செய்வாள் என்றார். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சாமி, “கசகசா” என்றார். புத்தகம் தேட ஆரம்பித்தார்.

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடையிலிருந்து பளபளவென்று ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினார். அதில் அந்தப் பண்டம் முழுப் பக்கத்துக்குக் கலரில் இருந்தது. சாமி அதைத் திறந்தார். உப்பு, டு டேஸ்ட். சர்க்கரை, டு டேஸ்ட். வெண்ணெய், வேண்டிய மட்டும். கைவிரல் எல்லாம் மடங்கிவிட்டது.

“இத வச்சுப் பண்ணச் சொல்லி மேனேஜர் சொன்னாரே சாமி” என்றேன்.

“நன்னாச் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச பதார்த்தமா இருந்தா இது போதும். தெரியாத ஊருக்குப் போறவன் கிட்ட, வேண்டிய தூரம் நடன்னு சொன்னா அவன் எங்க போய்ச் சேருவான்?”

பாயிடம் முன்பே வாங்கிய அட்டையில்லாத ஐரோப்பியப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் அதே பண்டம் படமில்லாமல் பத்து வரியில் இருந்தது. உருளைக்கிழங்கு இரண்டு பவுண்டு, மாவு எட்டு அவுன்ஸ், உப்பு அரை ஸ்பூன், உருக்கிய வெண்ணெய் ஆறு அவுன்ஸ், கசகசாவும் சர்க்கரையும் நாலு நாலு. எல்லாம் கறாராக. பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை. “இதைப் பண்ணிப் போட்டு அவர் சாப்பிடலைன்னா மேனேஜர் என்னை அனுப்ப வேண்டாம், நானே போயிடறேன்” என்று அடுக்களைக்குள் போய்விட்டார். அவ்வளவு உறுதியாக ஒருவர் சொல்லும்போது நமக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. வழக்கமாக வெள்ளை வெண்ணெய் கொண்டுவருகிற அம்மாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றில் தண்ணீர் வந்து வழி நின்றுபோனது. சாமி பட்லரின் ஃபிரிட்ஜிலிருந்து பாக்கெட் வெண்ணெயை வாங்கிக்கொண்டார். தராசில் நிறுத்தார், உருக்கினார், சின்னச் சின்னதாகக் கிள்ளிப்போட்ட உருளைக்கிழங்கு உருண்டைகளின் மேல் மொத்தத்தையும் ஊற்றிப் புரட்டினார். மெனு கார்டைக் கொடுக்க நான் அடுக்களைக்குள் போனபோது அவர் அம்மியில் கசகசா பொடித்துக்கொண்டிருந்தார். காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெண்ணெய் மணம் ஆளை இழுத்தது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக அந்த அடுக்களையில் நான் செய்யாத காரியம்.

உப்புக் கரித்தது. இதன் மேல் சர்க்கரையைத் தூவினால் எப்படி இருக்கும் என்று நினைக்கவே வாய் கோணியது.

வாயைத் திறந்தால் நான் ருசி பார்த்தது தெரிந்துவிடும். அத்தனையும் எச்சில் என்று கீழே போய்விடும். சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். திறக்காவிட்டால் அந்த மனிதர் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோவார், என் மேஜை டிராயரில் இருக்கிற தந்தி போய்ச் சேரும். துணி கட்டிய முகத்தோடு கசகசாவை வழித்துக்கொண்டிருந்தவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

“சாமி, உப்புக் கரிக்குது.”

அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். எழுந்து, பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், வாட்ச்மேனின் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார். கையைக் கழுவினார். அடுப்பில் மறுபடி உருளைக்கிழங்கை ஏற்றினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு கரிக்கறது?”

“நெறைய சாமி.”

“நெறையன்னா? கால் ஸ்பூனா, அரை ஸ்பூனா?”

“நாக்குக்கு ஸ்பூன் கணக்கு எப்டி சாமி தெரியும்?”

“இதுக்குத்தான் நான் நாக்கை நம்பறதில்லை” என்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு வாதத்தில் ஜெயித்தாக வேண்டும். “உருளையில அரை ஸ்பூன். நானே நிறுத்துப் போட்டேன். கசகசா இன்னும் போடலை. வேற எங்கேர்ந்து வந்தது?”

“வெண்ணையிலதான் சாமி. பாக்கெட் வெண்ணையில உப்பு இருக்குமே. ரொட்டிக்குத் தடவறது.”

“வெண்ணெய்லயா? வெண்ணெய்ல யாரு உப்பப் போட்டா?”

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. கிருஷ்ணனுக்கு வைக்கிற வெண்ணெயைத் தவிர வேறு வெண்ணெய் உலகத்தில் உண்டு என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பட்லர் தினமும் ரொட்டியில் தடவியதுதான், எட்டடி தூரத்தில். இவர் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. புத்தகம் எழுதியவள் ஊரில் உப்பில்லாத வெண்ணெய்தான் வெண்ணெய். அவள் அதை ஏன் சொல்லப்போகிறாள்?

ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு எழுந்து மீதி பாக்கெட்டையெல்லாம் வாணலியில் போட்டார். “உருக்கினா உப்பு அடியில தங்கிடும். நெய்யில உப்பு கரையாது. இது எனக்கு எந்தப் புஸ்தகமும் சொல்லவேண்டாம்” என்று நுரை அடங்கும்வரை பார்த்திருந்து, அடி கலங்காமல் மேலாக இறுத்தார். கிழங்கு மசிவதற்குள் நான் கசகசாவை எடுத்துக் கொடுத்தேன், மாவை நிறுத்துக் கொடுத்தேன். பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளியே நின்றேன்.

ஒன்றேகாலுக்குத் தட்டு போனது. நாங்கள் இருவரும் கதவோரம் நின்றோம். செக் நாட்டுக்காரர் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முள்கரண்டியால் ஒன்றைக் குத்தி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததைக் கரண்டியால் எடுக்கவில்லை, கையாலேயே எடுத்தார். தட்டு காலியானதும் அவரே அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக் கதவுக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். சாமி இன்னொரு தட்டு வைத்துக் கொடுத்தார். மேனேஜர் பின்னாலிருந்து, “நான் வாங்கின புக்கு எப்டி!” என்றார். நாங்கள் இருவரும் மறுக்கவில்லை. சாயந்திரம் செக் நாட்டுக்காரர் என் மேஜைக்கு வந்து தந்தியைக் கேட்டு வாங்கி நாலாகக் கிழித்தார். அன்றைக்குத்தான் நான் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் சாமி என்னோடு பேசவில்லை. அடுத்த வாரத்து மெனுவை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் சனிக்கிழமை, ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து சென்ட்ரல் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலை தப்பியது, ஒரு நல்ல மனிதரை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நியமத்தை நான் கெடுத்தது கெடுத்ததுதானே.

மூர் மார்க்கெட்டில் பாய் வழக்கம்போல் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை மட்டும் தானே ஒதுக்கிக் கீழே வைத்தார்.

“அது என்ன பாய்?” என்றார் சாமி.

“இத்தாலி பொஸ்தகம். உங்களுக்கு ஆவாது சாமி. நானே எண்ணிப் பாத்துட்டேன். பக்கத்துக்குப் பக்கம் டு டேஸ்ட்டுதான் போட்டுக்கினு கீறான்.”

சாமி குனிந்து அதை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். உப்பைத் தேடினார், விரலை மடக்கினார். ஐந்தும் மடங்கியது. மறுபடி முதலிலிருந்து மடக்கினார். புத்தகத்தை மூடித் துண்டில் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இன்னா சாமி, இத எடுத்துக்கினு போறீங்க?”

“பரவாயில்லை பாய். ருசி பாக்க எங்ககிட்ட ஆள் இருக்கு.”

நான் ரிப்பன் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திருவள்ளூர் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, புத்தகத்தைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இனிமே மொதல்ல ஒரு சின்னப் பாத்திரத்துல தனியாப் பண்ணித் தரேன். அது உங்களுக்குன்னே பண்றது, அதனால எச்சில் ஆகாது. ஆனா நெறைய, கம்மின்னெல்லாம் என்கிட்ட சொல்லப்படாது. எத்தனை ஸ்பூன்னு சொல்லணும்.”

வில்லிவாக்கம் ஸ்டேஷன் வருவதற்குள் நான் சரி என்று ஒப்புக்கொண்டேன்.